பொது சுகாதார ஆய்வாளரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் கணக்கெடுப்பது எப்படி?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலோ ஆந்திரக் குப்பம் ஊரிலோ உட்கார்ந்து ஒரு பொது சுகாதார ஆய்வாளரின் பணியைக் கணக்கெடுப்பவர்கள், எடுத்த எடுப்பில் எச்-இன்டெக்ஸைத் தேடுகிறார்கள். எழுதிய கட்டுரைகளையும், அவற்றைப் பிறர் தங்கள் கட்டுரைகளில் சுட்டிய மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் அளவு அது. ஆனால் கடைசியில் பார்க்க வேண்டியது அதுதான். கட்டுரைப் பட்டியல் சரியில்லை என்றால் அதன்மேல் போடும் கணக்கும் சரியாக வராது. நம் பக்கத்தில் பட்டியலைக் கெடுப்பது பெரும்பாலும் பெயர்தான்.

முதல் வேலை: பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதிக்கொள்ளுங்கள்

உதாரணத்துக்கு ஆர். கார்த்திகேயன் என்று வைத்துக்கொள்வோம். பாலக்காட்டுப் பள்ளியில் படித்தவரானால் சான்றிதழிலேயே இனிஷியல் பின்னால் போய் ‘கார்த்திகேயன் ஆர்’ என்று இருக்கலாம். ஆய்விதழ் முழுப் பெயர் கேட்டதும் இனிஷியலை விரித்து ‘கார்த்திகேயன் ராமசாமி’ என்று கொடுத்திருப்பார். கடைசியில் நிற்பதே குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வதால், மருத்துவக் கட்டுரைகளின் தேடல் தளமான பப்மெட்டில் அது ‘ராமசாமி கே’ என்று பதிவாகும். மகன் எழுதிய கட்டுரை அப்பா பெயரில் நிற்கும். இங்கே நாம் ‘த’வுக்கு ‘டி’யும் ‘எச்’சும் சேர்த்து எழுதுகிறோம், சில ஆய்விதழ்களில் ‘எச்’ விழுந்துவிடும். ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

ஊரை வைத்துத் தேடினால் இன்னொரு பொறி. தமிழில் சித்தூர் என்றால் பாலக்காட்டுச் சித்தூரும் ஆகலாம், ஆந்திரச் சித்தூரும் ஆகலாம். ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘யூ’, பின்னதற்கு இரட்டை ‘ஓ’ என்பது இன்றைய வழக்கம் என்றாலும், அதை மட்டும் நம்ப வேண்டாம். மாநிலப் பெயரையும் நிறுவனத்தையும் சரிபார்த்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஆர்கிட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனியாகத் தரப்படும், 2012இல் தொடங்கிய இந்த 16 இலக்க அடையாளம் இலவசம். கடைசி இடத்தில் எண்ணுக்குப் பதில் ‘எக்ஸ்’ வருவதும் உண்டு. ஆனால் ஆய்வாளர் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் பக்கம் காலியாகவே கிடக்கும்.

இப்போது எக்செல்லைத் திறந்து தலைப்பு, ஆண்டு, ஆய்விதழ், டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்), ஆசிரியர் வரிசையில் எத்தனையாவது இடம், மேற்கோள் எண்ணிக்கை என்று பத்திகள் போடுங்கள். ஒரே டிஓஐ இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்குங்கள். மெட்ஆர்க்சிவ் போன்ற தளத்தில், ஆய்விதழின் மதிப்பாய்வுக்கு முன்பே வந்த முன்பதிப்புக்கும் ஆய்விதழில் வந்த இறுதி வடிவத்துக்கும் டிஓஐ வேறு வேறு. இவற்றைத் தலைப்பை வைத்துக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் உண்டா என்று ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் ஒருமுறை பாருங்கள்.

மேற்கோள் எண்ணிக்கையைக் கூகுளின் ஆய்வுத் தேடல் தளமான கூகுள் ஸ்காலரில் எடுத்தால், தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களை எண்ணும் ஸ்கோப்பஸ் தரவுத்தளத்தைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே வரும். ஆய்வேடு, அறிக்கை, முன்பதிப்பு எல்லாவற்றையும் ஸ்காலர் சேர்த்து எண்ணும். ஒரே அட்டவணையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

எச்-இன்டெக்ஸ் கணக்கு

2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த அளவு இது. குறைந்தது ஐந்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் ஐந்து இருந்தால் எச்-இன்டெக்ஸ் 5, ஆறு பெற்றவை ஆறு இருந்தால் 6. மேற்கோள்களை இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 42, 19, 11, 6, 5, 3, 1. ஐந்தாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது. ஆறாவதற்கு 6 இல்லை, 3தான். ஆக எச்-இன்டெக்ஸ் 5. பத்தோ அதற்கு மேலோ மேற்கோள் பெற்றவை மூன்று என்பதால் ஐ10 என்பது 3.

இதில் 6 மேற்கோள் பெற்ற கட்டுரை அப்பா பெயரில் தங்கிவிட்டது என்று வையுங்கள். மிச்சம் 42, 19, 11, 5, 3, 1. எச்-இன்டெக்ஸ் 4 ஆகிவிடும். ஒரு இனிஷியல் விரிந்ததற்கு இவ்வளவு விலை!

பொது சுகாதாரத்தில் இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. உலக நோய்ச்சுமை ஆய்வு போன்ற கூட்டுக் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள்; அவற்றுக்கு மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் குவியும். அப்படி ஒன்றிரண்டு இருந்தாலே மொத்தம் எகிறிவிடும். ஆகவே அவற்றோடு ஒரு கணக்கும், அவற்றை விட்டு ஒரு கணக்கும் போட்டு இரண்டையும் காட்டுவதே நேர்மை. சித்தூர் வட்டக் கிணற்று நீரின் ஃபுளோரைடை அளந்து முதல் ஆசிரியராக எழுதியதும், ஐந்நூறு பேரில் ஒருவராகப் பெயர் வந்ததும் ஒரே எடையல்ல.

பப்மெட்டில் உள்ள கட்டுரைகளுக்கு ஐசைட் என்ற இலவசக் கருவியில் பப்மெட் எண்களை ஒட்டினால், அந்தத் துறையோடு ஒப்பிட்ட மேற்கோள் விகிதம் கிடைக்கும். ஆய்விதழின் இம்பாக்ட் ஃபாக்டரை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோளை, இந்த அட்டவணையில் போடவே வேண்டாம். அது இதழுக்கான எண், ஆளுக்கானதல்ல.

முடிவை எழுதும்போது எந்தத் தளம், எந்தத் தேதி, எந்தெந்தப் பெயர் வடிவங்களில் தேடியது என்ற மூன்றையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.