பள்ளி வானொலி: மைக்குக்கு முன்னால் கடிகாரம்

பள்ளியில் வானொலி தொடங்கப்போகிறோம் என்றதும் மாணவர்கள் முதலில் கேட்பது, "எந்த மைக் வாங்கலாம், சார்?" அந்தப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியராக நான் திருப்பிக் கேட்பது: "பரீட்சை வாரத்துப் புதன்கிழமை நிகழ்ச்சியை யார் செய்வீர்கள்?" இதற்குப் பதில் வந்த பிறகுதான் மைக் பேச்சு. வாரம் ஒரு 20 நிமிட நிகழ்ச்சி தவறாமல் வருவது, தினமும் ஒரு மணி நேரம் என்று அறிவித்துவிட்டு இரண்டாம் மாதமே காணாமல் போவதைவிட எவ்வளவோ மேல்.

எதன் வழியாக ஒலிபரப்புவது? எஃப்.எம். அலைவரிசைக்குப் பெரும்பாலான நாடுகளில் அரசு உரிமம் வேண்டும். சின்ன டிரான்ஸ்மிட்டர்தானே என்று கடையில் வாங்கி மாட்டிவிடாதீர்கள். மதிய இடைவேளையில் பள்ளி ஒலிபெருக்கியே போதும். வீட்டிலிருந்தும் கேட்க வேண்டுமென்றால் இணைய ஒலிபரப்பு. மிக்ஸ் (Mixxx), பட் (BUTT) போன்ற இலவச மென்பொருளிலிருந்து, கேட்பவர் ஒவ்வொருவருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஐஸ்காஸ்ட் (Icecast) சர்வருக்கு ஒலியை அனுப்பலாம். சர்வரைப் பள்ளிக்கு வெளியே வாடகைக்கு வைத்துக்கொள்வது நல்லது. பள்ளிக்குள்ளேயே வைத்தால், 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) தரத்தில் 100 பேர் கேட்கும்போது பள்ளியின் இணைப்பிலிருந்து கிட்டத்தட்ட 13 எம்பிபிஎஸ் வெளியே போக வேண்டும். வெளியே வைத்தால், எத்தனை பேர் கேட்டாலும் பள்ளியிலிருந்து அந்தச் சர்வருக்கு ஒரே ஒரு ஒலி ஓடைதான் (ஸ்ட்ரீம்) போகும். இன்னொன்று, இணையத்தில் ஒலி சில நொடிகள் பிந்தித்தான் போய்ச் சேரும். அதனால் "இப்போது மணி சரியாக..." என்று ஆரம்பிக்காதீர்கள்.

சரி, மைக். டைனமிக் வகை வாங்குங்கள். கண்டென்சர் மைக் மின்விசிறியையும் வராந்தா சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கும். பெரும்பாலும் அதற்கு மிக்சரிலிருந்து, அதாவது பல ஒலிகளைக் கலந்து அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவியிலிருந்து, 48 வோல்ட் மின்சாரமும் வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டு, கொஞ்சம் பக்கவாட்டில் பேசச் சொல்லுங்கள். நேராகப் பேசினால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று வந்து மோதும். மைக் திறந்திருக்கும்போது அறைக்குள் ஸ்பீக்கர் ஓடக் கூடாது, எல்லோருக்கும் ஹெட்போன்தான். ஒலிப்பதிவில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தாண்டிச் சிதறிய குரலைப் பிறகு ஒழுங்காக மீட்க முடியாது.

நிலையத்தை உண்மையில் நடத்துவது ஒரு தாள். நாங்கள் அதை ஓட்டத்தாள் என்கிறோம். ஒவ்வொரு பகுதிக்கும் தொடங்கும் நேரம், நீளம், பேசுபவர், அப்புறம் அந்தப் பகுதியின் கடைசி ஐந்தாறு சொற்கள். அந்தக் கடைசிச் சொற்கள்தான் முக்கியம். மிக்சரில் உட்கார்ந்திருக்கும் மாணவி அவற்றைக் கேட்டதும் அடுத்த ஃபேடரை (ஒலி அளவை ஏற்றி இறக்கும் நகர்த்தியை) திறக்க வேண்டும். நீளத்தைப் பக்கக் கணக்கில் எழுதாதீர்கள். வாய்விட்டுப் படித்து ஸ்டாப்வாட்சில் பார்த்து எழுதுங்கள்.

நேரத்தைப் பின்னாலிருந்தும் கணக்கிட வேண்டும். நிகழ்ச்சி 1:00க்கு முடிய வேண்டும், முடிவிசை 40 நொடி என்றால், இசை 12:59:20க்குத் தொடங்கியாக வேண்டும். அதைப் பின்னணியில் ஒலிக்கவிட்டு அதன் மேலேயே விடைபெறலாம். நேரம் இழுத்தால் வெட்ட ஒரு பகுதி, மிஞ்சினால் நிரப்ப இரண்டு நிமிடத் துணுக்கு, இரண்டையும் தாளிலேயே குறித்து வையுங்கள்.

ஏதாவது பழுதானால் விளக்கம் சொல்ல முயலாதீர்கள், முதலில் இசை. ஒரே விசையை அழுத்தினால் ஓடும்படி ஒரு அவசர இசைத்துண்டு எப்போதும் கணினியில் தயாராக இருக்கட்டும். மூன்று நொடி அமைதிகூடக் கேட்பவருக்கு நிலையமே நின்றுபோன மாதிரி இருக்கும்.

எல்லோருக்கும் அறிவிப்பாளர் ஆசைதான். ஆனாலும் தயாரிப்பு, மிக்சர், நேரம் பார்ப்பது, செய்தி என்று எல்லா வேலையும் சுழற்சியில் வரட்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் அருமையான தயாரிப்பாளர்களாவதைப் பார்த்திருக்கிறேன். மைக் முன்னால் உட்கார வைத்துத்தான் கூச்சத்தைப் போக்க வேண்டும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

பாட்டு விஷயத்தில் கறாராக இருங்கள். ஒரு பாடலைக் காசு கொடுத்து வாங்கியதாலேயே அதை ஒலிபரப்பும் உரிமை வந்துவிடாது. மாணவர்களே பாடினாலும் மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமையாளர் உண்டு. பழைய நாட்டுப்புறப் பாடல்கள், மாணவர்கள் தாங்களே அமைத்த இசை, படைத்தவர்களே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விட்டிருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைப்பவை, இவற்றை வைத்தே நிறையச் செய்யலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் என்றாலும் நிபந்தனைகளைப் படித்து, படைத்தவர் பெயரைச் சொல்லுங்கள்.

இணையத்தில் போகும் குரலுக்குப் பெற்றோரின் எழுத்து அனுமதி வாங்குங்கள். முழுப் பெயரும் வகுப்பும் சேர்த்துச் சொல்ல வேண்டாம். ஒரு செய்தியை நிறுத்தி வைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதைத் தலைமையாசிரியரும் மாணவர் குழுவும் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளட்டும். தகராறு வந்த பிறகு எழுதினால் அது யாரோ ஒருவருக்கு எதிரானதாகவே தோன்றும்.

முதல் சில நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தே ஒலிபரப்புங்கள், நேரலை அப்புறம். பெரிய வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவருடனும் ஒரு சின்ன வகுப்புப் பிள்ளையை ஆண்டு முழுக்க உட்கார வையுங்கள். சர்வர் கடவுச்சொல் பள்ளியின் மின்னஞ்சல் கணக்கோடு இணைந்திருக்கட்டும். பள்ளியை முடித்துப் போகும் மாணவரின் சொந்தக் கணக்கில் அது இருந்தால், அடுத்த ஆண்டு நிலையத்தைத் திறக்கவே அவரைத் தேடிப் போக வேண்டிவரும்.