பி0171 கோடு: சென்சாரை மாற்றும் முன் ஃபியூயல் ட்ரிம் பாருங்கள்

பெட்ரோல் எஞ்சினுக்கு 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது கணக்கு. காற்று கூடினாலும் பெட்ரோல் குறைந்தாலும் லீன். ஐடிலில் வண்டி நடுங்கும், மிதித்தால் இழுக்காது. ஸ்கேனரில் இந்த லீன் நிலையைச் சொல்லும் பி0171 கோடு வந்ததுமே பலர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது.

லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர் வேண்டும். கோடு மட்டும் படிக்கும் கருவி இந்த வேலைக்கு ஆகாது. கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை, அதாவது கோடு விழுந்த நேரத்து எஞ்சின் அளவுகளை, குறித்து வையுங்கள்.

ஃபியூயல் ட்ரிம் என்பது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (+) அல்லது குறைக்கிறது (-) என்ற கணக்கு. ஷார்ட் டெர்ம் அந்த நேரத் திருத்தம், லாங் டெர்ம் பழகிய திருத்தம். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஐடிலில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 2500 ஆர்பிஎம்மில் பிடித்து மறுபடியும் பாருங்கள். கூட்டுத்தொகை 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை.

ஐடிலில் +22, 2500-இல் +5 என்று இறங்கினால் வேக்யூம் லீக். ஐடிலில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் எஞ்சினுக்குள் போகும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான். அதில் கசிவின் பங்கு பெரிதாகத் தெரியும். த்ராட்டில் திறந்ததும் அதே கசிவு அடிபட்டுப் போகும். மாறாக, லோடு ஏற ஏற ட்ரிமும் ஏறினால் ஃபியூயல் பம்ப், ஃபில்டர் அல்லது அழுக்கான மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது).

ஒரு விதிவிலக்கு உண்டு. மாஃப் இல்லாமல் மேப் சென்சார் (மேனிஃபோல்டு பிரஷரை அளப்பது) மட்டும் உள்ள கார்களில் கசியும் காற்றும் மேனிஃபோல்டு பிரஷரில் சேர்ந்துவிடும். கம்ப்யூட்டர் அதற்கும் பெட்ரோல் கொடுத்துவிடும். அங்கே ட்ரிம் பெரிதாக ஏறாது, ஐடில் ஆர்பிஎம்தான் ஏறும். நம்மூர்ச் சிறிய கார்கள் பலவும் இந்த வகை.

லீக் தேட ஸ்மோக் மெஷின்தான் என் தேர்வு. 1 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் வேண்டாம். கார்ப் கிளீனர் அடித்துத் தேடுவது சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீ பிடிக்கும் வேலை. பிசிவி ஹோஸின் (கிராங்க் கேஸ் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டு வரும் குழாய்) அடிப்பக்கம், பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங் எல்லாம் பாருங்கள். மாஃபுக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் டக்டைக் கையால் வளைத்துப் பார்க்க வேண்டும். மடிப்புக்குள் உள்ள வெடிப்பு எஞ்சின் அசையும்போதுதான் வாய் திறக்கும்.

மாஃபுக்கு மாஃப் கிளீனர் மட்டுமே. கம்பியைத் தொடாதீர்கள், முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஃபியூயல் பிரஷர் போர்ட் இன்ஜெக்ஷனில் பெரும்பாலும் 3 முதல் 4 பார். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். எல்லாம் சரி என்றால், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிகிறதா பாருங்கள். வெளிக்காற்று உள்ளே போனாலும் லீன் என்றே காட்டும்.

சரிசெய்த பின் கோடை அழித்து, நகருக்குள்ளும் ஹைவேயிலும் ஓட்டிவிட்டு ட்ரிமை மறுபடி பாருங்கள். லோடில் லீன் காட்டும் வண்டியை அதுவரை முழு த்ராட்டிலில் மிதிக்கவே வேண்டாம். நாக்கிங் வந்து பிஸ்டன் போய்விடும்.