மழை நாளில் ஸ்பெயினின் வடகரையில் கார் பயணம்: சாண்டாண்டரிலிருந்து யானெஸ் வரை

ஸ்பெயின் கடற்கரை என்றாலே வெயில்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது மத்தியதரைக் கடல் பக்கம். வடக்கே கான்டாப்ரியா, அஸ்தூரியாஸ் கரைகளில் வருடம் முழுக்க மழை உண்டு. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றைக் கரையோரமாகவே ஓடும் மலைத்தொடர் மறித்துவிடுகிறது. அங்கே எல்லாம் பச்சைப் பசேலென்று இருப்பது அதனால்தான். பொடித் தூறலுக்கு அஸ்தூரியாஸ்காரர்கள் ‘ஒர்பாயு’ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். நனைகிறோம் என்று தெரிவதற்குள் சட்டை ஈரமாகிவிடும்.

மழையைப் பார்த்து அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிடாதீர்கள். இந்தக் கரைக்கு மழை நன்றாகப் பொருந்தும். முதல்முறை போகிறவர்கள் கீழே சொல்கிறபடி செய்தால் போதும்.

1. முந்தின இரவே இரண்டு விஷயம் பாருங்கள்

முதலாவது, அயெமெத் எனப்படும் ஸ்பெயின் வானிலைத் துறையின் எச்சரிக்கை. மஞ்சள் என்றால் கவனமாகப் போகலாம். ஆரஞ்சு, சிவப்பு என்றால் பயணத்தை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். கடலோரத்துக்குத் தனி எச்சரிக்கை வரும், அதையும் விடாதீர்கள்.

அடுத்தது, ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறி வற்றும் நேரம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். மத்தியதரைக் கடலில் ஓதம் கண்ணுக்கே தெரியாது. இங்கே சில நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 4 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் சேறு கிடக்கும். எப்போது எங்கே நிற்க வேண்டும் என்பதை ஓத நேர அட்டவணையை வைத்து முடிவு செய்யுங்கள். மழை எப்படியும் வரும், போகும்.

2. காரை எடுக்கும்போது

இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். ஊரிலேயே ஆர்.டி.ஓ. மூலம் வாங்கிக்கொண்டு வாருங்கள். சாவியை வாங்கியதும் வைப்பரையும் விளக்குகளையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். டயரில் பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். 2026 ஜனவரி முதல் முக்கோணப் பலகைக்குப் பதிலாக வி-16 என்ற சிறு எச்சரிக்கை விளக்கு வந்துவிட்டது. வண்டி நின்றுபோனால் கூரைமேல் வைக்க வேண்டியது அது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், கண்ணாடியில் படியும் மூட்டம். என் முதல் மழைப் பயணத்தில் பத்தே நிமிடத்தில் முன்கண்ணாடி பால் மாதிரி வெளுத்துவிட்டது. நான் கையால் துடைத்தேன், விரல் தடம்தான் மிச்சம். செய்ய வேண்டியது இதுதான்: காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள், சூட்டைக் கூட்டுங்கள், கூடவே ஏசியையும் போடுங்கள். குளிரில் ஏசி எதற்கு என்று தோன்றும். காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பது ஏசிதான். கீழ் ஓரத்திலிருந்து கண்ணாடி மெதுவாகத் தெளிந்து மேலே ஏறுவதைப் பார்க்கலாம்.

3. சாலையில்

இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ரவுண்டானாவில் இடப்பக்கமிருந்து சுற்றி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. வழி தவறினால் பதற்றமே வேண்டாம், இன்னொரு சுற்று சுற்றுங்கள். ஏ-8 நெடுஞ்சாலையில் 120 வரை போகலாம், மழையில் நான் 90-ஐத் தாண்டுவதில்லை. தேங்கிய நீரில் ஸ்டீயரிங் திடீரென்று லேசானால் பிரேக்கைத் தொடாதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள்.

4. காலை: அல்தாமிரா

சாண்டாண்டரிலிருந்து சுமார் 30 கி.மீ.யில் சாந்தில்யானா தெல் மார். பக்கத்திலேயே அல்தாமிரா அருங்காட்சியகம். 1879-ல் குகையை ஆராய்ந்துகொண்டிருந்த மார்செலினோ சான்ஸ் தெ சவுத்துவோலாவின் சின்ன மகள் மரியாதான் அல்தாமிரா குகையின் கூரையில் வரைந்திருந்த காட்டெருமைகளை முதலில் கண்டாள். அவ்வளவு பழைய மனிதர்கள் இப்படி வரைந்திருக்க முடியாது என்று அறிஞர்கள் பல வருடம் நம்ப மறுத்தார்கள். பார்வையாளர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் ஓவியங்களைக் கெடுத்ததால் 2002-ல் அசல் குகையை மூடிவிட்டார்கள். இப்போது நாம் பார்ப்பது 2001-ல் திறந்த நகல் குகை. நகல்தானே என்று ஒதுக்காதீர்கள். பாறையின் புடைப்பையே எருமையின் உடலாக ஆக்கியிருக்கும் திறமையை இங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம். திங்கட்கிழமை விடுமுறை.

ஊரின் கல்பாவிய தெருக்கள் மழையில் வழுக்கும். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, பிடிப்புள்ள காலணியோடு நடங்கள்.

5. மதியத்துக்குள்: கோமில்யாஸ்

சி.ஏ-131 சாலையில் மேற்கே சுமார் 18 கி.மீ. போனால் கோமில்யாஸ். இங்கே ‘எல் காப்ரிச்சோ’ என்ற வீட்டைக் கட்டாயம் பாருங்கள். கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதி முப்பதைத் தாண்டிய வயதில் வடிவமைத்தது, 1883-க்கும் 1885-க்கும் இடையில் கட்டியது. சுவர் முழுக்கப் பச்சை இலையும் மஞ்சள் சூரியகாந்தியுமாக ஓடுகள். மழை வழியும்போது அந்த மஞ்சள் இன்னும் எடுப்பாகத் தெரியும். உள்ளே அறைகளைச் சூரியன் நகரும் திசைக்கு ஏற்ப அமைத்திருக்கிறார். இத்தனை மழை பெய்யும் ஊரில் ஒருவர் வெயிலை நம்பி வீடு வரைந்திருக்கிறாரே என்று எனக்கு அங்கிருந்து நகரவே மனமில்லை.

6. சாப்பாடு

பகல் 2 மணிக்கு மேல் சான் விசென்தே தெ லா பார்கெராவில் சாப்பிடுங்கள். வெள்ளை பீன்ஸும் கீரையும் இறைச்சியும் கொதிக்கும் ‘கோசிதோ மொந்தான்யேஸ்’ ஒரு கிண்ணம் போதும், குளிர் ஓடிவிடும்.

7. ஓதம் ஏறும் நேரம்: பிரியா

யானெஸைத் தாண்டிச் சுமார் 20 கி.மீ.யில் பிரியா. கடல் குடைந்த சுண்ணாம்புப் பாறையில் மேலே திறக்கும் துளைகள் உண்டு. ‘பூஃபோனெஸ்’ என்பார்கள். ஓதம் ஏறி, அலையும் பெரிதாக இருந்தால் அடியில் நெருக்குண்ட காற்றும் நீரும் அந்தத் துளை வழியே சீறி எழும். முதலில் காலுக்கடியில் ஒரு அதிர்வு, பிறகு பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பின்தான் நீர். துளைக்குள் ஒருபோதும் எட்டிப் பார்க்காதீர்கள், நீரோடு கல்லும் பறந்து வரும். அலை பலமாக இருந்தால் பாதையிலேயே தள்ளி நின்று சத்தத்தைக் கேளுங்கள். ஈரப் பாறையில் குழந்தைகளின் கையை விடவே கூடாது.

8. திரும்பும்போது

கரையோரச் சாலை வேண்டாம், நேராக ஏ-8-ல் ஏறிவிடுங்கள். இந்தப் பகுதியில் சுங்கம் கிடையாது. டிசம்பரில் மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதனால் பிரியாவிலிருந்து 4 மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஜூனில் என்றால் ஏறத்தாழ இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். ஓதம் ஏறும்வரை காத்திருக்கவும் நேரம் கிடைக்கலாம்.