நீர்வண்ணத் தாள் அலையாக எழும்பியபோது

பாட்டி ஊசியில் நூல் கோப்பதை வரைய ரொம்ப நாள் ஆசை. நூல் நுனியை உதட்டில் நனைத்துக் கூராக்குவாரே, அந்த நொடிதான் வேண்டும். ஆனால் பின்னணிக்கு ஈரவண்ணம் பூசியதும் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள) தாள் அலை அலையாக எழும்பி, பள்ளங்களில் நிறம் தேங்கியது.

அப்புறம் புதுத் தாளைச் சில நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, மரப்பலகையில் பரப்பி, நாலு ஓரத்திலும், நனைத்தால் பிடிக்கும் பழுப்புக் காகித டேப்பை ஒட்டி, இரவு முழுக்கக் காயவிட்டேன். ஈரத்தில் விரிந்த நார் காயும்போது சுருங்கும். ஓரம் பிடிபட்டிருப்பதால் தாள் முரசுத்தோல் போல விறைத்து நிற்கும். பலகை கிடையாகவே இருக்கட்டும். படமும் நன்றாகக் காய்ந்த பிறகே வெட்டி எடுங்கள். நிறையத் தண்ணீர் விட்டு வரைந்தால் 300 ஜிஎஸ்எம் தாளுக்கும் இதையே செய்கிறேன். 640 ஜிஎஸ்எம் தாளுக்குத் தேவையில்லை, விலைதான் கூடுதல்.