புதிதாக வந்த நாய்க்குப் பழைய பனியன் துணியில் ஒரு பின்னல் கயிறு

பொட்டு எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், ஒரு மாதமாக நான் எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருந்த துணியைக் கவ்விக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தாள். மர வளையம் தரையில் தடதடவென்று இழுபட்டு வர, நூல் ஒரு பக்கம் நீண்டு தொங்கியது. ஊசியை மட்டும் காணவில்லை. பத்து நிமிடத் தேடலுக்குப் பிறகு அது நாற்காலி மெத்தையின் இடுக்கில் அகப்பட்டது. நெற்றியில் வெள்ளைப் புள்ளி வைத்த நான்கு மாதக் குட்டி அவள். கையில் ஒருவர் துணியையும் நூலையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அசைத்துக்கொண்டிருந்தால், அதை விளையாட்டுக்கான அழைப்பாகத்தானே ஒரு குட்டி எடுத்துக்கொள்ளும்? என் கைவேலைக்கும் அவளுக்கும் ஒத்துப்போக வேண்டுமென்றால், முதலில் அவளுக்கென்று ஒன்றைச் செய்து கொடுத்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு அன்றுதான் வந்தேன்.

அப்படிச் செய்ததுதான் இந்தப் பின்னல் கயிறு. தையல் இல்லை, பசை இல்லை, ஊசி இல்லை. இரண்டு பழைய டி-ஷர்ட்டுகளும் ஒரு கத்தரிக்கோலும் போதும்.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

பனியன் துணியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அது நெய்த துணி அன்று, பின்னிய துணி. ஆகவே வெட்டிய ஓரத்திலிருந்து நூல் பிரிவதில்லை. சட்டைத் துணியையோ புடவைத் துணியையோ கிழித்து நாடாவாக்கினால், ஓரங்களிலிருந்து நீளநீளமான இழைகள் வந்துகொண்டே இருக்கும். நாய் விழுங்கக் கூடாத பொருள்களில் நீண்ட நூலுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ வயிற்றிலோ சிக்கிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் இறங்கினால், குடல் சுருக்குப் பை போலக் கொசுவிக்கொண்டு அறுவைச் சிகிச்சை வரை போய்விடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால், அதை ஒருபோதும் பிடித்து இழுக்காமல் அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சணல் கயிறு, கம்பளி நூல் இரண்டையும் நான் ஒதுக்கியதற்கும் இதுவே காரணம். சணல் மெல்ல மெல்ல நாராகப் பிரியும்.

நிறத்தில் நீலமும் மஞ்சளும் நல்ல இணை. நாயின் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் இரண்டு வகையே இருப்பதால், இவ்விரு நிறங்களும் அதற்குத் தெளிவாகத் தெரிகின்றன. நமக்குப் பளிச்சென்று தெரியும் சிவப்பு அதற்கு மங்கிய பழுப்பாகவே தோன்றும், புல்தரையில் போட்டால் கண்ணுக்குத் தட்டுப்படாமலே போகலாம். அதைவிட முக்கியமாக, இரண்டு நிறம் இருந்தால் முதன்முறை பின்னுகிறவருக்கு எந்த நாடா எங்கே போகிறது என்ற குழப்பம் பாதியாகக் குறைகிறது.

துவைப்பது எப்போது என்பதில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். முதல் கயிற்றைப் பின்னி முடித்து, சுத்தமாக இருக்கட்டுமே என்று வாசனைத் திரவம் போட்டுத் துவைத்துக் காயவைத்துக் கொடுத்தேன். பொட்டு அதை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, என் செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பழகாத வீட்டில் ஒரு நாய்க்குப் பழக வேண்டிய முதல் அடையாளம் நம் உடல் வாசனைதான். அதைத்தான் நான் கவனமாகக் கழுவிவிட்டிருந்தேன். ஆகவே டி-ஷர்ட்டை முதலில் வாசனைத் திரவம் இல்லாமல் துவைத்து, காய்ந்த பிறகு ஓரிரவு உடுத்திக்கொண்டு உறங்கி, மறுநாள் வெட்டுங்கள். இரண்டு டி-ஷர்ட்டுகளில் ஒன்றையாவது இப்படிச் செய்தால் போதும்.

வெட்டுதல்

கழுத்துப் பட்டை, கைகள், கீழ் மடிப்புத் தையல், கழுத்தில் தைத்திருக்கும் நிறுவனப் பெயர்ச் சீட்டு, நெஞ்சில் அச்சிட்ட படம் ஆகிய அனைத்தையும் வெட்டி நீக்கிவிட வேண்டும். அச்சுப் படம் கடிபடக் கடிபடச் செதிள் செதிளாக உரியும். மிஞ்சுவது அக்குளுக்குக் கீழே உள்ள குழாய் வடிவத் துணி. அதைக் குறுக்குவாட்டில் 5 செ.மீ. அகலமுள்ள வளையங்களாக வெட்டி, ஒவ்வொரு வளையத்தையும் ஓர் இடத்தில் திறந்தால், 90 செ.மீ. முதல் 100 செ.மீ. வரை நீளமுள்ள நாடா கிடைக்கும். இரு முனைகளையும் பிடித்து ஒருமுறை சுண்டி இழுத்தால், ஓரங்கள் உட்சுருண்டு நாடா உருண்டைக் கயிறு போல ஆகிவிடும். நீளவாட்டில் வெட்டினால் இந்தச் சுருள் சரியாக வராது. நீலத்தில் இரண்டு, மஞ்சளில் இரண்டு, ஆக நான்கு நாடாக்கள் வேண்டும்.

பக்கத் தையல் இல்லாத டி-ஷர்ட்டாகப் பார்த்து எடுப்பது நல்லது. பக்கத் தையல் இருந்தால் அதை வெட்டி எறிய வேண்டியிருப்பதால் நாடா 50 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும், அதில் பின்னினால் ஒரு விரல் நீளத்துக்குச் சற்று அதிகமாகத்தான் கயிறு வரும். குட்டியின் பற்களுக்கும் உங்கள் விரல்களுக்கும் நடுவே இடம் வேண்டுமாதலால், அது இழுத்து விளையாட உதவாது. என் கணக்கில் 90 செ.மீ. நாடாக்கள் நான்கும் சேர்ந்து முடிச்சுகள் போக ஏறக்குறைய 22 செ.மீ. பின்னலைத் தந்தன.

வெட்டுவதற்கு நல்ல தையல் கத்தரிக்கோலையே நான் விரும்புகிறேன். சக்கரக் கத்தி நேர்த்தியாக வெட்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதைத் தரையில் விரித்த பலகையின் மேல் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும், குட்டியின் மூக்கும் அதே தரையில்தான் இருக்கிறது.

பின்னுதல்

நான்கு நாடாக்களையும் ஒரு முனையில் சேர்த்து, 5 செ.மீ. வால் விட்டு, ஒரே முடிச்சாக இறுக்கிப் போடுங்கள். முடிச்சு கீழே இருக்கும்படி இடக்கையில் பிடித்து, நாடாக்களைக் கூட்டல் குறி போல நான்கு திசைகளில் விரியுங்கள்: மேலும் கீழும் நீலம், இடமும் வலமும் மஞ்சள். வயர் கூடை பின்னியவர்களுக்கு இனி வருவது புதிதன்று. அவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

மேல் நாடாவை மடித்து வல நாடாவின் மீது படுக்க வையுங்கள். மடிக்கும்போது அதை அழுத்திவிடாமல், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு கண்ணியாக மேலே எழும்பி நிற்க விடுங்கள். வல நாடாவை அதன் மேலாகக் கொண்டுபோய்க் கீழ் நாடாவின் மீது வையுங்கள். கீழ் நாடாவை அதே போல் இட நாடாவின் மீது வையுங்கள். இப்போது எஞ்சியிருப்பது இட நாடா ஒன்றுதான். அது கீழ் நாடாவின் மேலாகத் தாண்டி, முதலில் விட்டுவைத்த கண்ணியின் உள்ளே நுழைந்து வெளியே வர வேண்டும்.

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். கண்ணியை விட மறந்து முதல் நாடாவைத் தட்டையாக மடித்துவிட்டு, நான்காவதை அதன் மேலாகவே போட்டுக்கொண்டு போனேன். பார்வைக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. அழகாக நான்கு கட்டங்கள் அமைந்ததாகவே நினைத்தேன். இப்படியே ஏழெட்டுச் சுற்றுகள் பின்னிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது, பொட்டு ஒரு முனையைப் பிடித்து உதறினாள். முழுப் பின்னலும் ஒரே உதறலில் அவிழ்ந்து நான்கு நாடாக்களாகத் தரையில் கிடந்தது. நான்காவது நாடா கண்ணிக்குள் நுழையாவிட்டால் அந்தச் சுற்றை எதுவும் பூட்டுவதில்லை. அதனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும், இறுக்குவதற்கு முன் நான்காவது நாடாவை மட்டும் தனியே மெல்ல இழுத்துப் பாருங்கள். கண்ணி அதனோடு சேர்ந்து சுருங்கினால் சரி. கண்ணி அசையாமல் நாடா மட்டும் வழுக்கி வந்தால் தவறு.

இறுக்குவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. ஒரு நாடாவை முழு வலுவோடு இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போனால், பின்னல் ஒரு பக்கமாகச் சாயும். எதிரெதிரான இரண்டையும் சேர்த்துச் சற்று, பிறகு மற்ற இரண்டையும் சேர்த்துச் சற்று, மீண்டும் முதல் இணை என்று மூன்று நான்கு தடவையாக இறுக்குங்கள். சரியாக வந்திருந்தால், நடுவில் நீலமும் மஞ்சளும் மாறி மாறி அமைந்த நான்கு சிறு கட்டங்கள், சதுரங்கப் பலகையின் ஒரு மூலையை வெட்டி வைத்தது போலத் தெரியும். கட்டங்களுக்கு நடுவே சுண்டுவிரல் நுனி நுழையக் கூடாது. நுழைந்தால் குட்டியின் கூரிய பால் பல்லும் நுழைந்து சிக்கிக்கொள்ளும்.

அடுத்த சுற்றை எதிர்த்திசையில் போட வேண்டும். அதாவது, மேல் நாடா இம்முறை இடப்பக்கம் மடியும், இடது கீழே, கீழது வலப்பக்கம், வலது கண்ணிக்குள். ஒரு சுற்று வலம், ஒரு சுற்று இடம் என்று மாறி மாறிப் போனால் கயிறு சதுரமாக எழும்பும். இடையில் எழுந்து போக நேர்ந்தால் எந்தத் திசையில் விட்டோம் என்பது மறந்துவிடும் என்பதால், வலச்சுற்றை முடித்த பிறகு மட்டுமே எழுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். நாடாக்களை ஒரு பெரிய பைண்டர் கிளிப்பில் கவ்வி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். ஊக்கு வேண்டாம், குட்டி இருக்கும் வீட்டில் திறந்த ஊக்கை நம்பவே முடியாது.

10 செ.மீ. நாடா மிஞ்சும்போது நிறுத்தி, நான்கையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, வாலை 5 செ.மீ. விட்டு வெட்டுங்கள். காலால் ஒரு முனையை மிதித்து மறுமுனையை முழு வலுவோடு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நாயிடம் கொடுக்க வேண்டும்.

வேலை நேரமும் குட்டியும்

இதையெல்லாம் குட்டி விழித்திருக்கும்போது செய்ய முயல வேண்டாம். இளங்குட்டிகள் ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை உறங்கும். அந்த உறக்கமே நம் வேலை நேரம். கைவேலைப் பெட்டிக்கு மூடி அவசியம். ஊசிகளை எண்ணி எடுத்து எண்ணி வைக்கும் பழக்கம் எனக்கு இருபது ஆண்டுகளாக வராமல் இருந்து, பொட்டு வந்த ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

கயிறு தயாரானதும் அதைத் தரையில் போட்டு வைக்காதீர்கள். எப்போதும் கிடைக்கும் பொருளுக்கு மதிப்பில்லை. மேலும், தனியே விட்டால் குட்டி அதை விளையாட்டுப் பொருளாக அல்லாமல் மென்று பிய்க்கும் பொருளாகக் கற்றுக்கொள்ளும். நான் துணியை எடுத்து உட்காரும்போது மட்டும் கயிற்றை எடுத்து, முதல் ஐந்து நிமிடம் பொட்டுவோடு இழுத்து விளையாடுவேன். பிறகு அது அவள் வாயில், துணி என் கையில். இரண்டு வாரத்தில் எம்பிராய்டரி வளையத்தைக் கண்டால் அதை நோக்கிப் பாய்வதற்குப் பதிலாக அலமாரியின் முன் போய் உட்காரத் தொடங்கினாள். புதிதாக வந்த நாய்க்கு மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் வீட்டுணர்வு என்று தத்தெடுப்போரிடையே ஒரு கணக்கு வழங்குகிறது. அது தோராயம்தான், எனினும் முதல் வாரத்தில் கயிற்றைச் சீந்தவே இல்லையென்றால் கவலைப்பட வேண்டியதில்லை என்பதற்கு அந்தக் கணக்கு ஆறுதல் தரும்.

இழுக்கும்போது பக்கவாட்டில், நாயின் தலை மட்டத்திலேயே இழுக்க வேண்டும். மேல்நோக்கித் தூக்கினால் கழுத்தில் பளு ஏறும், பால் பற்களும் வலிக்கும்.

பின்சேர்க்கை

கயிறு சதுரமாக வராமல் முறுக்கிக்கொண்டு உருண்டையாக வருகிறதே என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். எல்லாச் சுற்றுகளையும் ஒரே திசையில் போட்டால் அப்படித்தான் வரும். அது பிழையன்று, உருண்டைப் பின்னலும் உறுதியானதே, பிரித்துத் திரும்பப் பின்ன வேண்டாம்.

லெக்கிங்ஸ் துணியில் செய்தவர் ஒருவர், கயிறு ரப்பர் போல நீண்டு, நாய் விட்டதும் தம் முகத்திலேயே வந்து அடித்ததாக எழுதினார். ரப்பர் போல நீளும் இழை (ஸ்பாண்டெக்ஸ்) மிகுந்த துணி இதற்கு ஆகாது. பருத்தி மிகுந்ததையே எடுங்கள்.

பல் விழும் பருவத்துக் குட்டிகளுக்கு, அதாவது ஏறக்குறைய நான்கு மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை, கயிற்றைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உறைபெட்டியில் வைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு வாசகர் நினைவூட்டினார். நானும் செய்து பார்த்தேன். ஈறுக்கு இதமாக இருப்பது பொட்டு கண்ணை மூடிக்கொண்டு மெல்வதிலேயே தெரிந்தது. ஆனால் பனி இளகியதும் வாங்கிவிட வேண்டும், ஈரத்துணி எளிதில் பிய்யும். பல் விழும் நாள்களில் கயிற்றில் சிறிது ரத்தக் கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம். 28 பால் பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கும் காலம் அது. ஒருநாள் கயிற்றின் இரண்டு கட்டங்களுக்கு நடுவே அரிசி மணி அளவில் ஒரு பல் செருகியிருந்ததைப் பார்த்தேன்.

ஒரு வாசகரின் நாய் முனை வாலைக் கடித்துத் துண்டாக்கி விழுங்கிவிட்டது. நல்லவேளையாக மறுநாள் மலத்தோடு வெளிவந்துவிட்டது. அதன் பிறகு 5 செ.மீ. வாலை 2 செ.மீ. ஆகக் குறைத்துவிட்டேன். முடிச்சு நழுவாமலிருக்க, வெட்டுவதற்கு முன் அதை நனைத்து ஒருமுறை இறுக்கி, காய்ந்ததும் மீண்டும் இறுக்குகிறேன். வாரம் ஒருமுறை கயிற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எங்காவது ஒரு நாடா பாதி அறுந்திருந்தால் குப்பையில் போட்டுவிட்டு, அன்றிரவே அடுத்த டி-ஷர்ட்டை உடுத்திக்கொண்டு படுத்துவிடுகிறேன்.