சகோதர நகரங்கள்: பள்ளிப் பரிமாற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெவ்வேறு நாட்டு நகரங்கள் இரண்டு, நட்புறவு கொள்ளும் சகோதர நகரங்களாகச் சேரும்போது பலரும் ஒப்பந்தத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் தவறே அதுதான். ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கும் பிரான்ஸின் மோன்பெலியாரும் 1950-ல் நெருங்கின. போர் முடிந்து ஐந்தே வருடம். நாஜிகளின் புஹன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர்தான் அப்போதைய மோன்பெலியார் மேயர். அவரே ஜெர்மானியர்களோடு பழக முன்வந்தார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் முறையான பத்திரம் கையெழுத்தானது 1962-ல்தான். பழக்கம் முதலில், பத்திரம் அப்புறம்.

அடுத்தது, இரு ஊர்ப் பிள்ளைகளும் மாறி மாறிப் போய்த் தங்கும் பள்ளிப் பரிமாற்றம் முழுவதையும் ஆர்வமுள்ள ஒரே ஆசிரியரின் தலையில் கட்டுவது. கடிதம் எழுதுவது, பெற்றோரைச் சம்மதிக்க வைப்பது, பிள்ளைகளைத் தங்கவைக்க வீடு பார்ப்பது எல்லாம் அவர்தான். அவர் ஓய்வு பெற்றால் அடுத்த வருடம் பயணம் கிடையாது. இரண்டு பக்கமும் குறைந்தது இருவர் பொறுப்பில் இருக்கட்டும். பயணத் தேதி பள்ளி நாட்காட்டியில் முன்கூட்டியே ஏறட்டும்.

பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்தால் தானாகப் பேசிக்கொள்வார்கள் என்று நம்புவதும் தவறு. சாப்பாட்டு மேசையில் அவரவர் மொழிக்காரர்களோடு ஒதுங்கிவிடுவார்கள். 1963-ல் தொடங்கிய பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் ஆதரிக்கும் 'டேன்டெம்' முறை இதற்கு நல்ல வழி. ஒரு பிரெஞ்சு மாணவரும் ஒரு ஜெர்மன் மாணவரும் ஜோடி. கொஞ்ச நேரம் பிரெஞ்சில், கொஞ்ச நேரம் ஜெர்மனில் பேச வேண்டும். இவர் தடுமாறும்போது அவர் ஆசிரியர், அப்புறம் இடம் மாறும். இரு தரப்புக்கும் சொந்தமில்லாத மூன்றாவது ஊரில் முகாம் நடத்துவதும் உண்டு. அங்கே யாரும் விருந்தாளி இல்லை, எல்லோருமே வழி கேட்டுத்தான் போக வேண்டும்.

செலவை வசதியுள்ள ஊர் மட்டுமே ஏற்றால் மற்ற ஊருக்குப் பேச்சுரிமை குறைந்துவிடும். பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகத்துக்கு இரு நாட்டு அரசுகளும் சம அளவில் பணம் தருகின்றன.

கடைசியாக, அரசியல். 1957 முதல் சகோதர நகரங்களாக இருந்த சான் பிரான்சிஸ்கோவும் ஒசாகாவும் 2018-ல் பிரிந்தன. போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவத்தால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களுக்காக சான் பிரான்சிஸ்கோவில் வைக்கப்பட்ட நினைவுச்சிலையை எதிர்த்து, ஒசாகா மேயர்தான் உறவை முறித்தார். நகராட்சி வழியாக மட்டும் தொடர்பு இருந்தால் அன்றோடு எல்லாம் நின்றுபோகும். அதனால் பள்ளிக்கும் பள்ளிக்கும், இசைக்குழுவுக்கும் இசைக்குழுவுக்கும் நேரடித் தொடர்பை முதல் வருடத்திலேயே ஏற்படுத்திவிடுங்கள்.