செதில் உதிரும் தோலும் கைப்பேசிப் பயிற்சியும்: எங்கே சறுக்குகிறோம்

தோல் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸோடு மீன்பிடி ஊரில் வளர்வது தனி அவஸ்தை. பாம்பனில் படித்த நாளில் எனக்குப் பட்டப்பெயர் 'செதிலு'. கூப்பிட்டவர்கள் எப்போதோ மறந்துவிட்டார்கள். நான்தான் முப்பது வருஷமாக மனசுக்குள் அதே பெயரில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊர் சொன்னதை நாமே நம்பி நம்மைத் தாழ்த்திக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு இணையத்தில் இப்போது பயிற்சிகள் கிடைக்கின்றன. எண்ணத்தை எழுதிப் பார்ப்பது, மூச்சைக் கவனிப்பது, தன்னிடமே பரிவோடு பேசுவது என்று. நல்லவைதான், ஆனால் அவற்றைக் கையாள்வதில் கோட்டை விடுகிறோம்.

தேடும்போதே தவறு தொடங்கிவிடுகிறது. தோல் திட்டுத்திட்டாக வெளுக்கும் வெண்புள்ளியை 'வெண்குஷ்டம்' என்ற பழைய பெயரில் தேடினால் தொழுநோய்ப் பக்கங்கள் வந்து பயமுறுத்தும். தொழுநோய் கிருமியால் வருவது. வெண்புள்ளியிலோ நிறம் தரும் செல்களை உடம்பின் எதிர்ப்புசக்தியே அழிக்கிறது. அது ஒட்டாது, சொரியாசிஸும் ஒட்டாது. அப்புறம் 'நிரந்தரத் தீர்வு' எண்ணெய்கள், முன்-பின் படங்கள். மனசுக்கு மருந்து தேடி வந்தவர் பத்தே நிமிஷத்தில் தோலைத் துடைத்தெடுக்கும் வழி தேடிக்கொண்டிருப்பார். அதை நம்பி, டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் சொரியாசிஸ் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம்.

எழுத்துப் பயிற்சியில்தான் பலர் தோற்கிறோம். 'நான் அழகு' என்று பத்து தடவை எழுதினால் மனசு சிரிக்கும். நம்ப முடிந்ததை எழுத வேண்டும். ராமேஸ்வரம் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தது என்று வையுங்கள். 'என் கையைப் பார்த்துத்தான் யாரும் உட்காரவில்லை' என்பது எண்ணம். நடந்ததைத் தனியாக எழுதுங்கள்: உச்சிப்புளி வரை பாதி பஸ் காலி, மண்டபத்தில் ஒரு பாட்டி கூடையோடு வந்து உட்கார்ந்தார். ஒருவர் உண்மையிலேயே முகம் சுளித்து நகர்ந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். 'ஒட்டாது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை' என்று கீழே எழுதலாம். அது பொய்யில்லை, அதனால் நிற்கும். வாசித்துவிட்டு எழுதாமல் மூடுவது, நீச்சல் வீடியோ பார்த்துவிட்டுக் கடலில் இறங்குகிற மாதிரி.

'தோல் சரியாகட்டும், கல்யாணத்துக்குப் போகலாம்' என்று தள்ளிப்போடுவதும் உண்டு. தோலில் உள்ள அளவும் மனசில் உள்ள அளவும் பல நேரம் ஒத்துப்போவதில்லை; விரல்நுனி அளவு படையோடு வீட்டுக்குள் முடங்கியவர்கள் இருக்கிறார்கள்.

மறைப்பது பற்றி ஒரு வார்த்தை. நம் கரையில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போடுவார்கள். வெண்புள்ளி உள்ள இடம் வெயிலில் சீக்கிரம் கன்றிப்போகும் என்பதால் அது நல்லதும்கூட. ஆனால் சாயங்காலம் வீட்டுத் திண்ணையிலும் கழற்ற மனசில்லையென்றால் அந்தச் சட்டை வெயிலுக்கானது இல்லை. ஒரே நாளில் கழற்றத் தேவையில்லை. நம்பிக்கையான ஒருவர் முன்னால் கால்மணி நேரம் கையை மடித்துவிடுங்கள், போதும்.

கடைசித் தவறு, எல்லாவற்றையும் கைப்பேசியே பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது. மனநல உதவி என்றாலே நம் பக்கத்தில் ஏர்வாடி ஞாபகம் வரும். 2001-இல் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. அந்தப் பயத்தில் வாயே திறப்பதில்லை. தூக்கம் போய், வேலைக்குப் போகப் பிடிக்காமல், செத்துவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் பயிற்சியை மூடிவைத்துவிட்டு 14416-ஐக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.